வகுப்பில்லாத பாடம்

(பொன்விழா ஆண்டுக் கல்விக் கருத்தரங்கில் கல்வி உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

கல்வி உதவிக் குழுவில் இருக்கும் எங்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு, வாப்பாவின் கடையில் வந்து உட்கார்ந்தவர்கள். சட்டப் படிப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். அந்தப் படிப்பு விஷயத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

கிரெடிட் என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்காரர்களாகிய நமக்கு 555 நோட்டுதான் ஞாபகம் வரும். எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ அரிசி போனது, எத்தனை வெள்ளி பாக்கி என்று பாட்டனார் காலத்திலிருந்து அதில்தான் எழுதினோம். கடையில் கிரெடிட் என்றால் கடன். பல்கலைக்கழகத்தில் அது வரவு. பிள்ளை போட்ட உழைப்பை அளந்து, அந்தப் பிள்ளையின் பேரில் எழுதி வைக்கும் வரவு. இது எங்களுக்குப் புரியாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சட்டம் படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருவர் உதவிநிதிக்கு விண்ணப்பித்தார். வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மாவுக்கு ஒரு பள்ளி உணவகத்தில் வேலை. பிள்ளை இணைத்திருந்த பாட அட்டவணையில் ஒரு வரி மட்டும் வித்தியாசமாக இருந்தது. நாள் இல்லை, நேரம் இல்லை, அறை எண் இல்லை. ஆய்வுக் கட்டுரை என்று போட்டு, பக்கத்தில் ஒரு பேராசிரியரின் பெயர். "வகுப்பே இல்லாத பாடத்துக்கு எதுக்குக் காசு? பிள்ளை பாதி நேரம்தான் படிக்குது போல" என்றார் எங்களில் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினோம். விண்ணப்பம் 'பிறகு பார்க்கலாம்' கட்டுக்குள் போனது. அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து அவரே வந்தார். கையில் 40 பக்கம். "மாமா, இதைப் பாருங்க" என்று மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. இதை யார் சொன்னது, இந்தத் தீர்ப்பின் எந்தப் பத்தி, எதிர்க்கருத்துக்கு என்ன பதில் என்று பேராசிரியர் பக்கத்துக்குப் பக்கம் கேட்டிருந்தார். எங்கள் கணக்குப் புத்தகத்தை ஆடிட்டர்கூட இப்படிக் குடைந்ததில்லை.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மாணவர் முதலில் ஒரு கேள்வியைத் தேட வேண்டும். அதற்கு வழிகாட்ட ஓர் ஆசிரியர் சம்மதிக்க வேண்டும். அவர் முடியாது என்று சொன்னால் வேறு ஒருவரிடம் போய் நிற்க வேண்டும். என்ன எழுதப்போகிறோம், எவற்றைப் படிக்கப்போகிறோம் என்று திட்டம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியர் முன்னால் தனியாக உட்கார வேண்டும். முப்பது பேர் வகுப்பில் படிக்காமல் வந்தவர் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம். இங்கே மேசையின் இந்தப் பக்கம் ஒரே நாற்காலிதான்.

அவர் முதலில் கொண்டுபோன தலைப்பு 'முஸ்லிம்களின் வாரிசுரிமைச் சட்டம்'. இது ஒரு ஆயுளுக்கான வேலை, ஒரு பருவத்துக்கு வெட்டிக்கொண்டு வா என்று ஆசிரியர் திருப்பி அனுப்பினாராம். மூன்றாவது தடவை அது ஒரே கேள்வியாகச் சுருங்கியது. கணவனும் மனைவியும் கூட்டு உரிமையில் வாங்கிய வீட்டில் ஒருவர் மௌத்தானால் வீடு யாருக்கு? முழு வீடும் உயிரோடு இருப்பவருக்கே என்கிறது பொதுச் சட்டம். இறந்தவரின் பங்கு ஃபராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் போக வேண்டாமா என்பது நம் வீடுகளில் எழும் கேள்வி. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொதுச் சட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய முயிஸ் ஃபத்வா வேறு விதமாக இருந்தது. 2019-ல் வந்த புதிய ஃபத்வா, உயிரோடு இருப்பவரின் உரிமையை ஏற்றது. இந்தப் பாதை எங்கே, ஏன் திரும்பியது என்று தேடுவதுதான் அந்த 40 பக்கம். இந்த மண்டபத்தில் எத்தனை பேருடைய வீவக வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது? பத்திரத்தில் இருப்பது கூட்டு உரிமையா, பங்கு உரிமையா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. (உங்கள் வீட்டு விவகாரத்துக்கு வழக்கறிஞரைப் பாருங்கள், இந்த உரையை அல்ல.)

ஏன் இந்தக் கேள்வியை எடுத்தாய் என்று கேட்டோம். "எங்க வீட்டிலயும் இதே பேச்சு வந்துச்சு மாமா" என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

இனி கணக்கு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 4 யூனிட் பாடம் என்றால் வாரத்துக்கு 10 மணி நேர உழைப்பு. 13 வாரத்துக்கு 130 மணி நேரம். வகுப்புள்ள பாடத்தில் அதில் ஒரு பகுதி வகுப்பிலேயே போய்விடும். ஆய்வுப் பாடத்தில் ஆசிரியரைச் சந்திக்கும் நேரம் போக மற்றதெல்லாம் நூலகத்திலும் மேசையிலும் தானே போட வேண்டிய உழைப்பு.

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு 50 நிமிட வகுப்பும் 2 மணி நேர வெளிவேலையுமாகச் சுமார் 15 வாரம். பெருக்கிப் பார்த்தோம், 42½ மணி நேரம் வருகிறது. வகுப்பில்லாத ஆய்வாக இருந்தாலும் இதற்கு ஈடான உழைப்பு இருந்தாக வேண்டும். ஜே.டி. பட்டத்துக்குக் குறைந்தது 83 கிரெடிட். அதில் 64 வகுப்பிலோ ஆசிரியரின் நேரடிப் போதனையிலோ வர வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதி சொல்கிறது. எல்லாவற்றையும் தனி ஆய்வாகவே முடித்துவிட முடியாது. நம்மைப் போலச் சந்தேகப்பட்டவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள் போலும்.

ஆசிரியர் முன் தனியாக உட்கார்ந்து படிப்பது புதிய வழக்கமும் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் டுட்டோரியல், கேம்பிரிட்ஜில் சூப்பர்விஷன் என்று ஒருவரோ இரண்டு மூன்று பேரோ எழுதிக் கொண்டுபோய் ஆசிரியரிடம் வாதாடும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. அந்தக் கேம்பிரிட்ஜில் படித்தவர்தான் இந்திய முஸ்லிம் வம்சாவளியில் வந்த அஹ்மது இப்ராஹிம் அவர்கள். விடுதலை பெற்ற சிங்கப்பூரின் முதல் அட்டர்னி ஜெனரல். நம் நிக்காஹ், தலாக், வாரிசுரிமை எல்லாவற்றுக்கும் அடிப்படையான 1966-ஆம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தை வரைந்தவர். பிறகு மலேசியா சென்று சட்டம் கற்பித்தார். அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த மாணவியின் கட்டுரையில் முதல் பக்கத்திலேயே வருவது அவர் வரைந்த சட்டம்தான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டோம். வருகைப் பதிவு கிடையாது, விரட்ட ஆளில்லை. நாளை, நாளை என்று தள்ளிப்போடும் பிள்ளை, பருவ முடிவில் வெறும் தலைப்போடு நிற்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வகுப்பே நல்லது. ஆனால் பிள்ளை பகல் முழுக்க வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தால், "கிளாஸுக்குப் போகலையா, அப்போ கடைக்கு வா" என்று கூப்பிட்டுவிடாதீர்கள். இதை எங்கள் உம்மா, வாப்பாவுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

அந்த மாணவிக்கு உதவிநிதி கொடுத்தோம். ஆனால் பருவம் முடியும் தறுவாயில்தான் கொடுத்தோம். அதற்குள் அவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு கடையில் காசாளராக நின்றிருந்தார். ஆய்வுக்குப் போக வேண்டிய மணி நேரங்கள் அங்கே போயின. பணத்தைக் கொடுத்துவிட்டோம். அந்த நேரத்தைக் கொடுக்க எங்களிடம் வழியில்லை. அவரிடமும் அவர் உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை தம்பி, அடுத்த பிள்ளைக்குப் பார்த்துச் செய்யுங்க" என்றார் அந்த லாத்தா.

அதனால் இந்த ஆண்டு விண்ணப்பத்தில் 'வாராந்தர வகுப்பு நேரம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். 'மொத்த யூனிட்' என்ற கட்டமும், ஆய்வுப் பாடமாக இருந்தால் ஆசிரியரின் ஒரு வரிக் கடிதமும் போதும். சந்தேகம் வந்தால் விண்ணப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் முன் பிள்ளைக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. மஃரிபுக்குப் பிறகு நாங்கள் அங்கேதான் இருப்போம்.