காலேஜ் பேரைக் கேட்டு முகம் சுளிக்கிறாங்களா? நிதித்துறைக்கு வேற வாசலும் இருக்கு

(ஞாயிறு மாலை நம்ம ஐ.டி. விங் பயிலரங்கில் பேசியது. வர முடியாத தோழர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் இன்ஜினியரிங். அதுல பல பேரோட காலேஜ் பேரைச் சொன்னா பக்கத்து மாவட்டத்துக்கே தெரியாது. என் கதையும் அதேதான். ஒரு நிதி நிறுவனத்துல முதல் இன்டர்வியூ. ரெஸ்யூமைப் புரட்டிட்டு அந்த அதிகாரி கேட்டது, "இந்தக் காலேஜ் எங்கப்பா இருக்கு?" சொன்னேன். அடுத்த கேள்வி வரவே இல்ல.

ரொம்ப நாள் கோபமா இருந்தேன். அப்புறம் யோசிச்சா, அவர் கையில இருந்த தாளில் காலேஜ் பேரும் மார்க்கும் தவிர என்னைப் பத்தி ஒண்ணுமே இல்ல. அவர் செஞ்சது நியாயம்னு நான் சொல்லல. ஐ.ஐ.எம். வளாகத்துக்குள்ள போய் ஆள் எடுக்கிறவங்க நம்ம காலேஜ் கேட்டைத் தாண்டுறதே இல்ல. அதை மாத்துறது அரசியல் வேலை, அதுக்குத்தான் நாம எல்லாரும் இங்க இருக்கோம். ஆனா உங்க கல்விக் கடன் தவணை அதுவரைக்கும் காத்திருக்காது.

அதனால அந்தத் தாளில் வேற ஒண்ணைச் சேருங்க. ஒரு நிறுவனத்தைப் பத்தி நீங்களே எழுதின பத்துப் பக்க அலசல்.

எதை வெச்சு எழுதுறதுன்னு கேட்பீங்க. பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனத்தோட ஆண்டறிக்கையும் பங்குச்சந்தை இணையதளத்தில் இலவசமா கிடைக்குது. நிதிநிலை முடிவு வந்த பிறகு நிர்வாகம் ஆய்வாளர்களோட கூட்டம் போட்டுப் பேசினா, அதோட எழுத்து வடிவத்தை வெளியிடணும்னு செபி விதி இருக்கு. 2022 ஏப்ரல்ல இருந்து கட்டாயம். மும்பையில ஏ.சி. ரூமில் இருக்கிற ஆய்வாளர் படிக்கிற அதே காகிதம்தான் அரியலூர்ல உங்க போன்லயும் இருக்கு.

உள்ளூர்ல இருந்தே ஆரம்பிங்க. 1904ல் தொடங்கின சிட்டி யூனியன் வங்கிக்குத் தலைமையகம் கும்பகோணம். கரூர் வைஸ்யா வங்கிக்குக் கரூர். மூணு வருஷ அறிக்கையை எடுத்து, கடன் எவ்வளவு வளர்ந்தது, வாராக்கடன் எத்தனை சதவீதம், டெபாசிட்டுக்கு என்ன வட்டி கொடுக்கிறாங்கன்னு எக்ஸலில் போடுங்க. அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்சதைச் சேருங்க. டெல்டாக்காரருக்கு ரைஸ் மில் முதலாளி எந்த மாசம் கடன் வாங்குவார், எப்போ கட்டுவார்னு தெரியும். கரூர்க்காரருக்கு எக்ஸ்போர்ட் ஆர்டர் குறைஞ்சா யார் கை முதல்ல கட்டிப்போகும்னு தெரியும். அது எந்தப் பெரிய காலேஜ்லயும் சொல்லிக் கொடுக்காத பாடம். அந்த அலசலை ரெஸ்யூமோட அனுப்புங்க. பத்துப் பேருக்கு அனுப்பினா ஒன்பது பேர் திறக்க மாட்டாங்க. திறக்கிற ஒருத்தர் எண்களைப் பத்திக் கேட்பார், ஊரைப் பத்திக் கேட்க மாட்டார்.

அதோட ஒரு சான்றிதழ் வேணும்னா, செபி தொடங்கின என்.ஐ.எஸ்.எம். நடத்துற ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வு எழுதுங்க. சி.எஃப்.ஏ. பெரிய படிப்பு, மூணு லெவல், கட்டணம் டாலர்ல. வசதி இல்லாதவங்களுக்கு அவங்களே தர்ற அக்சஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு. அதுக்கு விண்ணப்பிக்காம முழுப் பணத்தைக் கட்டிடாதீங்க.

சென்னையில இருக்கிற வெளிநாட்டு வங்கிகளோட மையங்களையும் மறக்காதீங்க. முதல்ல கிடைக்கிறது கே.ஒய்.சி. சரிபார்ப்பு, கணக்கு ஒப்பிடுதல்னு சலிப்பான வேலைதான். கௌரவம் பார்க்காம நுழைஞ்சிடுங்க. பைத்தான் தெரிஞ்ச இன்ஜினியர் அங்க ஒரு வருஷம் தாக்குப் பிடிச்சா, ஐ.ஜே.பி. மூலமா ரிஸ்க் பக்கம் நகர வழி உண்டு.

காலேஜ் பேரே கேட்காத வாசல் அரசுத் தேர்வு. ரிசர்வ் வங்கி கிரேடு பி பொதுப் பிரிவுக்கு எந்தப் பட்டமும் போதும், 60 சதவீதம் வேணும், எஸ்.சி., எஸ்.டி. தோழர்களுக்கு 50. இதுல ஒரு வயித்தெரிச்சலையும் சொல்லிடறேன். பொதுத்துறை வங்கி கிளார்க் தேர்வைத் தமிழில் எழுதலாம். அதிகாரி தேர்வுன்னு வந்தா இங்கிலீஷும் இந்தியும்தான். தமிழ்ல படிச்சவன் கவுன்ட்டர் வரைக்கும் வந்தா போதும்னு யார் முடிவு பண்ணினது?

கடைசியா ஒரு எச்சரிக்கை. ஃபைனான்ஸ் கத்துக்கிறேன்னு போன்ல ஆப்ஷன் டிரேடிங் பண்றவங்க இங்கயும் இருக்கீங்க, எனக்குத் தெரியும். 2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்க: 2021-22 முதல் மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ செஞ்ச தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. அம்மா நகையை வெச்சு அந்த 93ல் ஒருத்தரா ஆகாதீங்க. 'வேலைக்கு கேரண்டி'ன்னு லட்சக்கணக்கில் கேட்கிற பயிற்சி மையங்களுக்கும் அதே பதில்தான். நான் ஒரு இடத்தில் 40,000 கட்டினேன். கிடைச்சது இன்சூரன்ஸ் பாலிசி விக்கிற வேலை.

இப்போ வேலைக்கு வருவோம். ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து அடுத்த ஞாயிறுக்குள்ள ரெண்டு பக்கமாவது எழுதி இந்தப் பக்கத்தோட இன்பாக்ஸுக்கு அனுப்புங்க. தமிழ்லயே எழுதலாம். நம்ம அணியில் வங்கியிலயும் ஆடிட் ஆபீஸ்லயும் வேலை பார்க்கிற அண்ணன், அக்காக்கள் நாலு பேர் படிச்சுத் திருத்தித் தர்றதா ஒத்துக்கிட்டு இருக்காங்க.