இரத்தமும் இரக்கமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர்களும் பட்டதாரிகளும் பேசிச் சென்ற இம்மேடையில், பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நான் பேசத் துணிந்தது செயலாளர் அவர்களின் அன்புக் கட்டளையால்தான். நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் புனித வாரத்தில் எழும் ஒரு வழக்கே என் பொருள். 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' என்னும் படத்தை யாரேனும் ஒருவர் வீட்டில் போடுகின்றனர். சிலர் கண்ணீர் வடிக்கின்றனர். சிலர் பாதியில் எழுந்து போய்விடுகின்றனர். மறுநாள் மாடிப்படியில், "இது பக்திப் படமா, கொலைப் படமா?" என்று வாதம் நடக்கின்றது. மாதா கோயிலுக்குச் செல்வோரும் முருகன் அடியாரும் தொழுகைக்குச் செல்வோரும் ஒரே சுவரைப் பங்கிட்டு வாழும் இடம் நம்முடையது. ஆகவே இவ்வாதத்தை நாம் தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது.

மெல் கிப்சன் இயக்கிய இப்படம் 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், சாம்பற் புதனன்று, அமெரிக்காவில் வெளிவந்தது. இயேசு பெருமானின் வாழ்வின் இறுதிப் பன்னிரண்டு மணி நேரமே அதன் கதை. நடிகர்கள் பேசுவது அரமேயமும் எபிரேயமும் இலத்தீனும். மூன்று கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் அறுபது கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அமெரிக்காவில் பதினேழு வயது நிரம்பாதோர் பெரியவர் துணையின்றிப் பார்க்கலாகாது என்று வரையறை செய்தனர். மலேசியாவிலோ கிறிஸ்தவர்கள் மட்டுமே பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தினர். ஒரே படம் இத்தனை வகையான வரவேற்பைப் பெற்றது அரிதினும் அரிது.

தேவாலயங்கள் பல, நுழைவுச் சீட்டுகளை மொத்தமாக வாங்கித் தம் மக்களை அழைத்துச் சென்றன. ராஜர் ஈபர்ட் என்னும் புகழ்பெற்ற விமர்சகர், தாம் பார்த்த படங்களுள் இதுவே மிகக் கொடுமை நிறைந்தது என்று எழுதினார். எழுதிவிட்டு முழு மதிப்பெண்ணும் வழங்கினார்! வேறு விமர்சகர்களோ, போதனை குறைந்து வாதனை மிகுந்த படம் என்று கடிந்தனர். மறு ஆண்டு, கொடுமைக் காட்சிகளிற் சில நிமிடங்களைக் குறைத்து மீண்டும் வெளியிட்டனர். முதற்படம் பெற்ற வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை.

முதற்கண் இரத்தத்தைப் பற்றிய வழக்கைப் பார்ப்போம். நற்செய்தி நூல்களில் பெருமானைச் சாட்டையால் அடித்த செய்தி, அடித்தான் என்ற அளவில், ஓரிரு சொல்லில் முடிந்துவிடுகின்றது. படத்திலோ அக்காட்சி நெஞ்சு பதைக்குமாறு நீள்கின்றது. நூல் எழுதப்பட்ட காலத்து மக்கள் சிலுவைத் தண்டனையைக் கண்ணாற் கண்டவர்கள். அவர்களுக்கு ஒரு சொல் போதும். நமக்கோ சிலுவை என்பது கழுத்தில் அணியும் பொன்னணியாகிவிட்டது. அதன் கொடுமையை நினைவூட்டவே இவ்வளவு குருதி என்று வாதிடுவோர் கூற்றிலும் பொருள் உண்டு.

தமிழர்களாகிய நாம் இதனைக் கண்டு, "பக்தியில் குருதி என்ன வேலை?" என்று கேட்பதும் பொருந்தாது. கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பரையும், பெற்ற மகனையே அறுத்துக் கறி சமைத்த சிறுத்தொண்டரையும் போற்றிப் பாடிய நாடு நம் நாடு. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் துரியோதனன் படுகளத்தைக் காண ஊரே திரண்டு நிற்கின்றது. ஆயினும் அளவு என்று ஒன்று உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அழுகையை ஒன்றாகவும், இளிவரலை வேறொன்றாகவும் வைத்தார். முதற் சில அடிகளுக்கு அழுகின்ற நெஞ்சு, அடி மேல் அடி விழுந்துகொண்டே இருந்தால் மரத்துப் போகும். அழுகை மாறி அருவருப்புத் தோன்றும். என் மட்டில், அப்படத்தின் சாட்டையடிக் காட்சி அவ்வெல்லையைக் கடந்துவிட்டது. அன்னை மரியாள் குனிந்து தரையிற் சிந்திய குருதியைத் துணியால் துடைக்கும் காட்சியோ, ஓர் அடியும் விழாமலே நம்மை அழ வைக்கின்றது. அந்த அன்னையாக நடித்தவர் மாயா மார்கன்ஸ்டெர்ன் என்னும் உருமேனிய நாட்டு யூதப் பெண்மணி என்பதையும் நினைவிற் கொள்க.

நிற்க. இரத்தத்தினும் பெரிய வழக்கு ஒன்று உண்டு. அது, "கொன்றவர் யார்?" என்பது. இப்படம் யூத குலத்தின்மீது பழி சுமத்துகின்றது என்று யூதர் அமைப்புகள் பல அஞ்சின. அவ்வச்சம் வீண் அச்சம் அன்று. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் புனித வாரம் வந்தாலே யூதர் தெருக்கள் நடுங்கின. பாடுகளின் நாடகம் பார்த்துவிட்டு வந்த கூட்டம் அவர்கள் வீடுகளைத் தாக்கியதுண்டு. அப்பழியை யூதர் அனைவர்மீதும் சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வாயிலாக 1965ஆம் ஆண்டில் அறிவித்தது. பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் வரட்டும் என்று கூட்டம் கூவியதாக மத்தேயு எழுதிய பகுதியைப் படத்தில் பேச்சாக வைத்துக்கொண்டு, அதன் மொழிபெயர்ப்பு வரியை மட்டும் நீக்கினர். இயக்குநர் தம் தரப்பில் ஒன்று செய்தார்: சிலுவையில் அறையும் காட்சியில் ஆணியைப் பிடிக்கும் கை அவருடைய கையே. தம் பாவமே பெருமானைச் சிலுவையில் ஏற்றியது என்பதற்கு அடையாளம் அது. நல்ல எண்ணந்தான். ஆனால் திரையில் ஒரு கைதான் தெரிகின்றது. அது யார் கை என்பது தெரிவதில்லையே!

இவ்விடத்தில் நாம் வாழும் இந்நகரத்தின் பெருமகனார் ஒருவரை நினைக்கின்றேன். ஜெர்மனியில் ஓபராம்மர்காவ் என்னும் மலையூர் உண்டு. கொள்ளைநோயினின்று தம்மைக் காத்ததற்காக அவ்வூரார் 1634 முதல் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடித்து வருகின்றனர். 1930ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் அந்நாடகத்தைக் கண்டார். கண்டபின் ஆங்கிலத்தில் ஒரு நெடுங்கவிதை எழுதினார்; அதுவே பின்னர் வங்கத்தில் 'சிசுதீர்த்த' என்றாயிற்று. அதிற் பயணிகள் கூட்டம் ஒன்று, தம்மை வழிநடத்தும் தலைவனை இரவில் அடித்துக் கொன்றுவிடுகின்றது. கொன்றவர் வேற்றினத்தார் அல்லர். அவன் பின்னே வந்தவர்களே! விடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நடுங்குகின்றனர். கொல்லப்பட்டவனையே வழிகாட்டியாகக் கொண்டு நடந்து, முடிவில் ஒரு குடிசையில் தாயையும் சேயையும் கண்டு வணங்குகின்றனர்.

நான்காண்டு கழித்து, 1934இல், அந்நாடகத்தின் முந்நூறாம் ஆண்டு விழாவில் வேறொருவன் வந்து அமர்ந்தான். அவன் இட்லர். பின்னாளில், யூதர்மீது பகை வளர்க்க உதவும் நாடகம் என்று அதனைப் புகழ்ந்தான். மேடை ஒன்று, கதை ஒன்று. ஒருவர், "நாமே கொன்றோம்" என்று எழுதினார். மற்றொருவன், "அவர்கள் கொன்றார்கள்" என்று கண்டான். பிந்தியவன் செய்ததை உலகம் அறியும்.

அன்பர்களே! இஃது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிடலாகாது. பிறமாநிலத்தில் பிழைக்க வந்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். அலுவலகத்தில் ஒரு தமிழன் தவறு செய்தால், தவறு அவனுடையதாக நிற்பதில்லை. "இந்தத் தென்னாட்டாரே இப்படித்தான்" என்று சொல் பரவுகின்றது. அதைக் கேட்டு வருந்தும் நாமே, வீட்டுக்கு வந்து வேறொரு மாநிலத்தாரைப் பற்றி அதே சொல்லைச் சொல்கின்றோம் அல்லவா? ஒருவன் குற்றத்தை ஒரு குலத்தின் தலையில் ஏற்றும் வழக்கம் அங்கேதான் தொடங்குகின்றது.

இந்நகரமே நமக்கொரு பாடம் நடத்துகின்றது. 1884இல் எழுந்த மாகென் டேவிட் யூதர் ஆலயமும் போர்த்துகீசியர் மாதா கோயிலும் பிரபோர்ன் சாலையில் அண்டை அயலாக நிற்கின்றன. யூதர் பெரும்பாலும் வெளிநாடு சென்றுவிட்டனர். எஞ்சியோர் மிகச் சிலர். அவர்தம் ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருவோர் முஸ்லிம் குடும்பத்தினர். யூதர் நிறுவிய பெண்கள் பள்ளியில் இன்று பயில்வோரிற் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமியர். கிறிஸ்துமஸ் நாளில் நாம் வரிசையில் நின்று கேக் வாங்கும் நியூ மார்க்கெட் நாகூம் கடை, 1902 முதல் யூதக் குடும்பம் நடத்தி வருவது. அந்த வரிசையில் நிற்கும் பிள்ளையிடம், "பெருமானைக் கொன்ற குலம் இது" என்று எந்தத் தாய் சொல்வாள்?

ஆதலின் தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும் என் வேண்டுகோள் மூன்று. சிறு பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்ட வேண்டா; பக்தியின் பெயரால் அச்சத்தை ஊட்ட வேண்டா. வளர்ந்த பிள்ளைகளோடு பார்ப்பதானால், அதற்கு முன் நற்செய்தி நூலில் அப்பகுதியையும் மலைப்பொழிவையும் படித்துக் காட்டுங்கள். கிறிஸ்தவர் அல்லாதார்க்குக் கண்ணதாசனின் 'இயேசு காவியம்' இருக்கின்றது. படம் முடிந்தபின் ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள்: "அந்தக் கூட்டத்தில் நீ எங்கே நின்றிருப்பாய்?" என்று. கூவியவரோடா, கை கழுவியவரோடா, சிலுவை சுமக்கத் தோள் கொடுத்த சீமோனோடா, அழுத பெண்டிரோடா? அவ்வினாவுக்குப் பிள்ளை தன்னை எண்ணி விடை தேடினால், படத்திற் சிந்திய இரத்தத்தால் இரக்கம் பிறந்தது என்று கொள்ளலாம். வேறொருவரைச் சுட்டிக் காட்டினால், எத்தனை கண்ணீர் வடித்தும் பயனில்லை.

இரக்கமே அளவுகோல்.