சவரக்கத்தி பழகும் தம்பிமாருக்கு



இன்றைக்கு நான் பேச வந்தது சவரக்கத்தியைப் பற்றி. சிரிக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, தப்பிய குடும்பங்கள் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில் நெருக்கியடித்துத் தங்கின. அப்படியான இடத்தில் துவாய், சீப்பு, சவரக்கத்தி எல்லாம் கைமாறும். நீங்கள் இருந்த முகாமிலும் கைமாறியிருக்கும். லயத்துக்குத் திரும்பும்போது அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தத்திலும் இருக்கும். இரத்தம் காய்ந்த பிறகும் குறைந்தது 7 நாள் உயிரோடு கிடக்கும். துணியால் துடைத்தால் போகாது. நம் நாட்டில் பிள்ளைகளுக்கு இதற்கான தடுப்பூசி 2003 இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அப்பாவும் மகனும் என்றாலும் ஆளுக்கொரு அலகு. சலூனில் அலகை உங்கள் கண்முன்னே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, பழக விரும்பும் தம்பிமாருக்கு. தகரப் பெட்டியில் கிடக்கும் தாத்தாவின் கத்தியில் தொடங்காதீர்கள். அதைச் சாணைக்கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து எடுப்பதே தனி வேலை. கறி வெட்டும் கத்தியைத் தீட்டும் கல்லில் தேய்த்தால் அது கெட்டே போகும். சலூன்காரர் வைத்திருப்பது போன்ற, பாதி பிளேடு மாட்டும் கத்தி போதும். பிளேடைக் கடதாசி உறையோடு சேர்த்தே இரண்டாக உடையுங்கள்.

பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் விடியற்காலை விரல் விறைத்திருக்கும். பெரட்டுக்கு ஓடும் அவசரமும் இருக்கும். அந்த நேரம் வேண்டாம். மாலையில், வெளிச்சம் இருக்கும்போது, சன்னலோரம் கண்ணாடியை வைத்துச் செய்யுங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்யவே வேண்டாம். சுடுதண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, பிறகு சவர்க்காரத்தை நன்றாக நுரைக்கத் தேயுங்கள்.

அலகைக் கன்னத்தில் படுக்க வைத்து, முதுகுப் பக்கத்தைச் சற்றே தூக்குங்கள். ஏறக்குறைய 30 பாகை. அதிகம் தூக்கினால் வெட்டும். குறைந்தால் முடியை இழுக்கும். மற்றக் கையால் தோலை இறுக்கிப் பிடித்து, முடி வளரும் பக்கமாகச் சின்னச் சின்னதாக இழுங்கள். கழுத்தில் முடி பல திசையில் வளரும். விரலால் தடவிப் பார்த்த பிறகே கத்தியை வையுங்கள். அழுத்தக் கூடாது. பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது, ஆழமான வெட்டுகள் அப்படித்தான் விழும். முதல் இரண்டு வாரம் கன்னம் மட்டும்; நாடியையும் மேலுதட்டையும் சாதாரண ரேசரில் முடியுங்கள்.

வெட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சின்னக் கீறலுக்குச் சீனக்காரம் போதும், ஆனால் அந்தக் கல்லும் ஆளுக்கொன்று. 15 நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துருப்பிடித்த அலகு வெட்டியிருந்தால், ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று அங்கே சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இந்தக் கத்தியைப் பழக வேண்டாம்.

கை நடுங்கும் தாத்தாவுக்குப் பேரன் செய்துவிடலாம்தான். நல்ல காரியம். ஆனால் சொந்த முகத்தில் ஒரு மாதமாவது வெட்டில்லாமல் செய்த பிறகு, தாத்தாவுக்கென்று புது அலகு மாட்டிச் செய்யுங்கள்.

பாவித்த அலகைக் கானுக்குள்ளோ தேயிலைத் தூரிலோ எறியாதீர்கள். கான் வெட்டுபவரின் காலிலும் கொழுந்தெடுக்கும் அக்காமாரின் கையிலும்தான் அது ஏறும். பால்மா டின்னின் மூடியில் ஒரு கீறல் போட்டு, அதன் வழியாக உள்ளே போடுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் டின்னை வையுங்கள். நிறைந்ததும் எங்கே ஒப்படைப்பது என்று தோட்ட வைத்திய உதவியாளரிடம் கேளுங்கள்.