சோளகக் காற்றும் விளம்பரப் பலகையும்

வாணர் தாம்போதியைத் தாண்டிப் புங்குடுதீவுக்குள் வந்தால், குறிகட்டுவான் துறை வரைக்கும் காற்றுக்குத் தடையே குறைவு. நயினை நாகபூசணி அம்மன் திருவிழா வரும் ஆனியில் சோளகக் காற்றும் உரத்து வீசும். அந்த நேரம் பெரிய விளம்பரப் பலகை பாய்மரந்தான்!

பலகை நட முதலில் வேலணைப் பிரதேச சபைக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உபவிதிகள் ஆக்கி விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு உண்டு. 'என்ரை காணிதானே' என்று சொல்லித் தப்புவது கஷ்டம். வீதியில் போகிறவர் கண்ணில் படத்தானே பலகை நடுகிறோம்?

அனுமதி ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2019 செப்டெம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், அனுமதியில்லாமல் கட்டிய கலியாணப் பதாகை ஸ்கூட்டரில் போன இளம் பொறியியலாளர்மீது சரிந்தது. விழுந்தவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லொறி ஏறியது.