படகும் தோணியும்: போரை வகுப்பறையில் சொல்வது எப்படி?

(கொல்லிமலை அரியூர் நாட்டில் நடைபெற்ற ஆசிரியர் வாசிப்புக் கூட்டத்தில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்திருக்கிற கீழ்நாட்டு ஆசிரியர்களுக்குத் தனி வணக்கம்.

படித்த நூல் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். நான் இரண்டு நூல்களைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டுமே கடலும் போரும் கலந்த கதைகள். நம் மாணவர்களில் பலர் கடலைப் பார்த்ததில்லை. அவர்களிடம் இந்தக் கதைகளை ஏன் கொண்டுபோனேன் என்பதைச் சொல்ல, முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புத் தேர்வில், 'இரண்டாம் உலகப்போரின் விளைவுகளை எழுதுக' என்று ஐந்து மதிப்பெண் வினா ஒன்று கொடுத்திருந்தேன். ஒரு மாணவி ஒரே வரி எழுதியிருந்தாள்: 'நிறையப் பேர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.' நான் சிவப்பு மையால் கோடு போட்டுச் சுழியம் போட்டேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது, "என்னம்மா இது? பாயிண்ட் போட்டு எழுதணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று கேட்டேன். "இதுவும் விளைவுதானே சார்?" என்றாள். நான் பதில் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய பாட்டிதான் வந்தார். அப்பா போர்வெல் லாரியில் வேலைக்கு வடமாநிலம் போனவர், போய் இரண்டு வருடம் ஆகிறது, முதல் வருடம் போன் வந்தது, பிறகு அதுவும் இல்லை என்றார். நாமக்கல், திருச்செங்கோடு வண்டிகளில் ஊர் ஊராகப் போகிறவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மதிப்பெண் பட்டியல் அதற்குள் போய்விட்டிருந்தது.

அதன் பிறகு அந்தப் பாடத்தை நான் எப்படி நடத்துகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆண்டுகள், ஒப்பந்தங்கள், அணிகள், விளைவுகள் எல்லாம் இருந்தன. ஆள் இல்லை. ஆளைத் தேடித்தான் இந்த இரண்டு நூல்களுக்குப் போனேன்.

முதல் நூல் ஜெர்மானியருடையது. லோதர் குந்தர் புக்ஹைம் எழுதிய 'டாஸ் பூட்'. 'படகு' என்றுதான் பொருள். நான் ஆங்கிலத்தில் படித்தேன். புக்ஹைம் 1918-இல் பிறந்தவர், ஓவியர். போர்க்காலத்தில் ஜெர்மன் கடற்படையின் செய்தியாளராக இருந்தார். 1941 அக்டோபர் இறுதியில் யு-96 என்ற நீர்மூழ்கிக் கப்பலில் ஏறி ஏறக்குறைய 40 நாள் பயணம் செய்தார். அந்தப் பயணம்தான் 1973-இல் நாவலாக வந்தது. 1981-இல் வுல்ஃப்காங் பீட்டர்சன் அதைத் திரைப்படமாக எடுத்தார்.

நாவலில் சண்டையைவிடக் காத்திருப்புதான் அதிகம். ஏறக்குறைய ஐம்பது பேர். படுக்கைகள் அதைவிடக் குறைவு. ஒருவர் காவல் முறை முடிந்து வந்து, இன்னொருவர் எழுந்துபோன சூடு ஆறாத படுக்கையில் படுக்கிறார். கழிப்பறை இரண்டு. அதில் ஒன்றில் உணவுப் பொருள்களை அடைத்து வைத்திருப்பார்கள். ரொட்டியில் பூஞ்சை பிடிக்கும். குளிக்க வழியில்லை. எங்கும் டீசல் நெடி. தலைவரை எல்லோரும் 'கிழவர்' என்கிறார்கள், அவருக்கே முப்பதையொட்டிய வயதுதான். மற்றவர்களில் பலர் இருபதைத் தாண்டியதும் தாண்டாததுமான பையன்கள், நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகளின் வயது.

மேலே எதிரிக் கப்பல் தேடிக்கொண்டிருக்கும்போது படகு ஆழத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறது. குண்டு எங்கே விழப்போகிறது என்று காதால் மட்டுமே தெரிந்துகொள்ள முடியும். இருநூறு மீட்டருக்கும் கீழே நீரின் அழுத்தத்தில் இரும்பு முனகுகிறது. நம் ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி. அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான ஆழம் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குப் புரியும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் படகு ஹிட்லரின் போருக்காகப் போன படகு. அதன் வேலை சரக்குக் கப்பல்களை மூழ்கடிப்பது. நாவலிலேயே எண்ணெய்க் கப்பல் ஒன்று எரிகிறது, அதில் இருந்தவர்களைக் கைவிட்டுப் படகு விலகுகிறது. பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் போரில் இறந்தார்கள். உள்ளே இருந்த பையன்களின் பயத்தைப் புரிந்துகொள்வது வேறு, அவர்கள் செய்த போரை நியாயப்படுத்துவது வேறு. இந்த வேறுபாட்டை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

இன்னொரு செய்தியும் உண்டு. புக்ஹைம் அந்தப் படகில் ஏறியது போரைப் புகழ்ந்து எழுதவும் வரையவும்தான். அதுதான் அன்று அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதே பயணத்தை முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியபோது, பூஞ்சை ரொட்டியையும் நடுங்கும் கைகளையும் எழுதினார். ஒரே ஆள், ஒரே பயணம், இரண்டு விதமான எழுத்து. வரலாற்றுச் சான்றுகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது நூல் நம்முடையது. ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி'. 1972-இல் வெளிவந்தது. அங்கே 'படகு', இங்கே 'தோணி'. இடையில் ஓராண்டுதான். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தார். ஜப்பானியர் அங்கே வந்ததையும் போனதையும் நேரில் பார்த்தார். 1946-இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் நீண்ட காலம் பணியாற்றினார். எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. இந்த நாவல் எழுதி முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்துதான் அச்சானது.

ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைவதில் நாவல் தொடங்குகிறது. நாயகன் பாண்டியன் கடைக் கணக்கெழுதப் போனவன். மலாக்கா நீரிணையைத் தொங்கானில் கடக்கும்போது புயல் பிடித்துக்கொள்கிறது. பினாங்கு போய் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேருகிறான். அவனுடைய மனம் மட்டும் மதுரைத் தெருக்களிலும் சொந்த ஊர்ச் சந்தையிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேலைக்கு வெளியூர் போன ஒருவன் வரலாற்றில் மாட்டிக்கொண்ட கதை அது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மனம் அந்நியமானதல்ல.

இந்த இரண்டு கதைகளையும் இணைக்கிற நிகழ்வு ஒன்று நம் பாடத்திலேயே இருக்கிறது. நேதாஜி ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கு ஆசியா வந்தார் என்று ஒரே வரியில் நாம் கடந்துபோகிறோம். 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் அவரும் ஆபித் ஹசனும் புறப்பட்டார்கள். ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அப்பால், அலையடிக்கும் கடலில் ரப்பர் படகில் இறங்கி, ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினார்கள். மே மாதம் சுமத்ரா பக்கம் சபாங்கில் கரையேறினார்கள். அந்த ஒரு வரிக்குள் ஏறக்குறைய மூன்று மாதம் அடங்கியிருக்கிறது. அந்தப் பயணத்தின் முடிவில் அவர் பேசியதைக் கேட்டு ராணுவத்தில் சேர்ந்தவர்களில் ஏராளமானோர் மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள். ஜான்சி ராணிப் படையிலும் அவர்கள் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான இடம். இரண்டு நூல்களும் நாவல்கள். சொந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை என்றாலும் தன்வரலாறு அல்ல. எங்கே மாறுகின்றன என்று தேடினேன். முடிவில் மாறுகின்றன.

'படகு' நாவலில், எல்லா ஆபத்தையும் தாண்டித் துறைமுகம் திரும்பிய பிறகு வான்தாக்குதலில் படகு அழிகிறது, தலைவரும் வீழ்கிறார். உண்மையில் யு-96 அந்தப் பயணத்தில் தப்பியது, 1945 மார்ச்சில்தான் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் குண்டுவீச்சில் மூழ்கியது. அதன் தலைவர் ஹைன்ரிச் லேமன் வில்லன்பிராக் போருக்குப் பிறகும் நாற்பது ஆண்டு வாழ்ந்தார். 'தோணி'யில், ஊர் திரும்ப நினைக்கும் பாண்டியன் சுடப்பட்டுச் சாகிறான். சிங்காரமோ ஊர் திரும்பி, மதுரையில் வாழ்ந்து, 1997-இல் மறைந்தார்.

உயிரோடு திரும்பியவர்கள் ஏன் இப்படி முடித்தார்கள்? எனக்குத் தோன்றுவது இதுதான். தாங்கள் திரும்பியதை எழுதியிருந்தால் அது அவர்களுடைய சொந்தக் கதையாக மட்டும் நின்றிருக்கும். திரும்பாதவர்களே அதிகம். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போனவர்கள் சுமார் 40,000 பேர், அவர்களில் சுமார் 30,000 பேர் திரும்பவில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் முப்பது பேர் இல்லை என்று கணக்கிட்டுப் பாருங்கள். எழுத ஆள் இல்லாத அந்த முப்பது பேருக்காக, திரும்பி வந்தவர்கள் எழுதினார்கள்.

அப்படியென்றால், 'நிறையப் பேர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை' என்று அந்த மாணவி எழுதிய வரிக்கு நான் போட்ட மதிப்பெண் என்ன?

அடுத்த ஆண்டிலிருந்து நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். செலவில்லாத வேலை. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் 50 மீட்டர் நீளம், நாலே முக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு கட்டம் போட்டோம். யு-96 வகை நீர்மூழ்கியின் மொத்த நீளம் 67 மீட்டர், ஆள்கள் இருந்த அழுத்தக் கூடு இவ்வளவுதான். நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். அதில் எஞ்சினுக்கும் மின்கலத்துக்கும் டார்பிடோக்களுக்கும் இடம் ஒதுக்கினோம். மீதி இடத்தில் ஐம்பது பிள்ளைகளை நிறுத்தினேன். முதல் ஐந்து நிமிடம் ஒரே சிரிப்பு. இருபது நிமிடம் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது, பேசக் கூடாது என்றேன். பத்தாவது நிமிடத்திலேயே சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்த மாணவி அப்போது பதினொன்றாம் வகுப்பு. வேடிக்கை பார்க்க வந்து நின்றவள், "இதுல போனவங்க வீட்டுக்குக் கடுதாசி போட முடியுமா சார்?" என்று கேட்டாள். கரைக்கு வந்தால்தான் முடியும் என்றேன். "அப்ப வீட்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள். போரின் விளைவுகளில் ஒன்றை அவள்தான் எனக்கு இரண்டாவது முறையும் சொன்னாள். அன்று அவளிடம், "அந்தப் பரீட்சையில நீ எழுதுனது சரிதாம்மா, நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்று எல்லோர் முன்பும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய அப்பாவைப் பற்றி இதுவரை தகவல் இல்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் போரைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் போன ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். யாருக்கு எழுதுகிறார்கள் என்று பார்த்தாலே உங்கள் வகுப்பைப் பற்றி நிறையத் தெரியும். உயர்நிலை வகுப்புகளில் இன்னொன்றும் செய்யலாம். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறோம், செம்மேட்டில் சிலை இருக்கிறது. காரியோடு நடந்த போரில் ஓரி இறந்தான் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. ஓரியோடு போன மலைக்காரர்கள் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் யார் காத்திருந்தார்கள்? 'ஓரியின் படையில் போன ஒருவனின் வீடு' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கற்பனை என்று மேலே குறிப்பிடச் சொல்லுங்கள். எது சான்று, எது கற்பனை என்று பிரித்துப் பார்க்கவும் அதுவே பயிற்சி.

இன்னொன்று. விடைத்தாளில் ஒரே வரி எழுதும் பிள்ளைகள் எல்லோரும் படிக்காதவர்கள் அல்லர். கோடு போடுவதற்கு முன் அந்த வரியை இன்னொரு முறை படித்துவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.