கோன் விழுந்தா 2 செகண்ட்: பிள்ளைங்க, பெற்றோர், ஆட்டோகிராஸ்

போன சில எபிசோடா இன்டர்வியூ, லேஆஃப், விசான்னு பேசிட்டு இருந்தோம். இன்னைக்கு லேப்டாப்பை மூடி வெச்சிட்டு கார் பத்திப் பேசலாம். 15, 16 வயசுல கார் ஓட்டக் கத்துக்கிற பிள்ளைங்களை அவங்க அப்பா அம்மாவோட சேர்த்து ஆட்டோகிராஸுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் இன்னைக்கு டாபிக்.

நான் இருக்கிறது டெக்சாஸ்ல, டாலஸ் பக்கம். இங்க 15 வயசானா லேர்னர் லைசென்ஸ் எடுக்கலாம். டிரைவிங் ஸ்கூலுக்குப் போகாம பெற்றோரே பாடம் நடத்திக்கவும் இந்த மாநிலத்துல வழி இருக்கு. பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்திருக்க, 30 மணி நேரம் ஓட்டிப் பழகணும். அதுல 10 மணி நேரம் ராத்திரியில. 16 வயசுல டெஸ்ட் பாஸ் பண்ணிட்டா தனியா ஓட்டலாம். நடு ராத்திரியிலிருந்து காலையில 5 மணி வரை ஓட்டக் கூடாது, குடும்பத்துக்கு வெளியில 21 வயசுக்குக் கீழ ஒருத்தரை மட்டும்தான் ஏத்திக்கலாம்னு சில கட்டுப்பாடு உண்டு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் உங்க பிள்ளை கையில சாவி.

பயப்படக் காரணம் இருக்கு. அமெரிக்காவுல ஓட்டுற ஒவ்வொரு மைலுக்கும் கணக்குப் போட்டா, 16-லிருந்து 19 வயசு டிரைவர்கள் உயிர் போற விபத்துல சிக்குற விகிதம், 20 வயசைத் தாண்டினவங்களைவிட கிட்டத்தட்ட 3 மடங்கு. நம்ம வீடுகள்ல இந்த பயத்தை எப்படிச் சமாளிக்கிறோம்? பக்கத்து சீட்ல உட்கார்ந்துக்கிட்டு, இல்லாத பிரேக்கைக் காலால மிதிச்சுக்கிட்டே, "மெதுவா, மெதுவா, மெதுவா"ன்னு சொல்லிட்டு வர்றோம். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த 30 மணி நேரத்துல அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட பிரேக்கை முழு பலத்தோட மிதிச்சிருக்காது. வாழ்க்கையில முதல் தடவையா முழுசா மிதிக்கிறது, ராத்திரி ரோட்டுல ஒரு மான் குறுக்க வர்றப்போதான். அந்த முதல் தடவை ஒரு காலி மைதானத்துல நடந்துட்டா நல்லதுதானே?

ஆட்டோகிராஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். பெரிய ஸ்டேடியம் பார்க்கிங்கோ பழைய ஏர்ஃபீல்டோ எடுத்துக்குவாங்க. ஆரஞ்சு கலர் கோன்களை அடுக்கி வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போடுவாங்க. ஒரு கார் தனியா அந்தப் பாதையில ஓடும், டைமர் ஓடும். முட்டி மோத பக்கத்துல வேற கார் கிடையாது. பெரும்பாலும் செகண்ட் கியரைத் தாண்டாது, ஒரு ரன் சுமார் ஒரு நிமிஷம். எஸ்.சி.சி.ஏ. விதிப்படி ஒரு கோனைத் தட்டினா உங்க டைமோட 2 செகண்ட் சேரும். 47.3-ல முடிச்சு மூணு கோன் தட்டினா உங்க டைம் 53.3. பாதையை விட்டு வெளியில போயிட்டா அந்த ரன்னே கணக்குல இல்ல. தப்பு பண்ணினா போறது ஒரு பிளாஸ்டிக் கோன், அதை நிமித்தி வெச்சா முடிஞ்சது. ரோட்டுல இந்த வசதி கிடையாது.

நான் வாரக்கடைசியில ஒரு லோக்கல் கிளப்ல புதுசா வர்றவங்களுக்குப் பக்கத்து சீட்ல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். முதல்ல சொல்றது டயர் பத்திதான். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற பிடிமானம் மாசச் சம்பளம் மாதிரி, அளவு உண்டு. பிரேக் கொஞ்சம் செலவு பண்ணும், ஸ்டியரிங் கொஞ்சம் செலவு பண்ணும், ஆக்சிலரேட்டர் கொஞ்சம். மொத்தமும் பிரேக்குக்கே குடுத்துட்டா திருப்புறதுக்கு மிச்சம் இருக்காது. வளைவுக்குள்ள வேகமா போய், பயந்து ஸ்டியரிங்கை இன்னும் இன்னும் திருப்புற பசங்களைப் பார்த்திருக்கேன். கார் அது பாட்டுக்கு நேரா போகும். அந்த நேரத்துல நான் சொல்றது, "ஆக்சிலரேட்டரை விடு, ஸ்டியரிங்கை கொஞ்சம் தளர்த்து." வேகம் குறைஞ்சதும் முன் டயர் திரும்பப் பிடிக்கும். இதைப் புத்தகத்துல நூறு தடவை படிக்கலாம். உடம்புக்குப் புரிய ரெண்டு ரன் போதும்.

அடுத்தது ஏ.பி.எஸ். இங்க ஓடுற கார்ல பெரும்பாலும் இருக்கு, இந்தியாவுலயும் 2019-லிருந்து புது கார்களுக்குக் கட்டாயம். ஆனா அது வேலை செய்யறப்போ பெடல் காலுக்குக் கீழ படபடன்னு உதறும், கறகறன்னு சத்தம் வரும். அனுபவம் இல்லாதவங்க ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு நினைச்சு காலை எடுத்துடுவாங்க. கார் நிக்க வேண்டிய நேரத்துல பிரேக்கை விடறாங்க! அதனால காலியான இடத்துல நேரா ஓட்டச் சொல்லி, "இப்போ மிதி, முழுசா மிதி, விடாதே, கண்ணு போக வேண்டிய பக்கம்"னு பழக்குவோம். பெடல் உதறினா பிரேக் செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல, வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஏ.பி.எஸ். இருக்கிறதே மிதிச்சுக்கிட்டே திருப்பறதுக்குத்தான்.

கொஞ்சம் கணக்கும் போடலாம், நாம இன்ஜினியருங்கதானே. காய்ஞ்ச ரோட்டுல நல்லா பிரேக் பிடிச்சா, 50 கிலோமீட்டர் வேகத்துல போற கார் நிக்க சுமார் 12 மீட்டர் ஆகும். வேகத்தை ரெட்டிப்பாக்கி 100 ஆக்கினா தூரமும் ரெட்டிப்பாகும்னு நினைப்போம். ஆகாது, நாலு மடங்கு ஆகும், சுமார் 49 மீட்டர். ஆபத்தைப் பார்த்து காலை பிரேக்குக்குக் கொண்டு போக ஒரு செகண்ட்னு வெச்சா, அதுலயே இன்னொரு 28 மீட்டர் போயிடும். பிள்ளைங்க பிசிக்ஸ் டெஸ்ட்ல இதை எழுதி ஃபுல் மார்க் வாங்கியிருக்கும். மைதானத்துல 'இங்க நிறுத்தறேன்'னு நினைச்ச கோனைத் தாண்டி நாலு கோன் தள்ளிப் போய் நிக்கும்போதுதான் அது உண்மைன்னு தெரியும்.

இப்போ முக்கியமான கேள்விக்கு வரேன். ஒரு தடவை ஒரு அப்பா, 16 வயசுப் பொண்ணைக் கூட்டிட்டு சிவிக் கார்ல வந்திருந்தார். ரிஜிஸ்ட்ரேஷன் டேபிள் பக்கத்துலயே என்னைத் தனியா கூப்பிட்டு, "தம்பி, இது ரேஸ்தானே? இவளுக்கு வேகத்தைப் பழக்கி விட்டுட்டா நாளைக்கு நான் என்ன பண்றது?"ன்னு கேட்டார்.

சரியான கேள்வி. இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. நார்வேயில புது டிரைவர்களுக்கு வழுக்கற ரோட்டுல ஓட்டுற பயிற்சியைக் கட்டாயமாக்கிப் பார்த்தாங்க. 1980-கள்ல ஆய்வு பண்ணினப்போ, இளம் ஆண்கள் விஷயத்துல வழுக்கு ரோட்டு விபத்து குறையவே இல்ல, கூடியிருந்தது. "எனக்குத்தான் தெரியுமே"ன்னு அவங்க அதிக ரிஸ்க் எடுத்திருக்கலாம்னு விளக்கம் சொன்னாங்க. 1996-ல ஸ்வீடன்ல வெளியான ஒரு ஆய்வு இன்னும் தெளிவா காட்டுச்சு. இளம் டிரைவர்களை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு பிரேக் பிடிக்கிற, விலகிப் போற திறமையை வளர்க்கிற மாதிரி பயிற்சி. இன்னொரு குழுவுக்கு, "உன் திறமைக்கு எல்லை இருக்கு, நீ நினைக்கிற மாதிரி எப்பவும் நடக்காது"ன்னு புரிய வைக்கிற மாதிரி பயிற்சி. கடைசியில டெஸ்ட் வெச்சா ரெண்டு குழுவும் திறமையில ஒண்ணுதான். ஆனா முதல் குழு தன்னைப் பத்தி ரொம்ப உசத்தியா மதிப்பு போட்டு வெச்சிருந்தது.

அதனால நான் சொல்றது இதுதான். பிள்ளை ஆட்டோகிராஸ்ல இருந்து என்ன எடுத்துட்டு வீட்டுக்குப் போகுதுங்கிறதை தீர்மானிக்கிறது கோன் இல்ல, பக்கத்துல இருக்கிற பெரியவங்க பேசுற பேச்சு. "சூப்பர், கலக்கிட்ட, கார் உன் கண்ட்ரோல்ல இருந்துச்சு"ன்னு சொல்லி அனுப்பினா அந்த அப்பா பயந்த மாதிரியே ஆகும். "இவ்வளவு காலியான இடத்துல, எந்தக் காரும் எதிர்ல வராதப்போ, 60 கிலோமீட்டர் வேகத்துலயே வழுக்கிடுச்சு பார்த்தியா?"ன்னு கேட்டா, அதே ரன் வேற பாடமா மாறிடும். டைமை விட அந்தக் கேள்விதான் முக்கியம்.

அதனாலதான் பெற்றோர் சும்மா வேடிக்கை பார்க்க வரக் கூடாது, அவங்களும் ஓட்டணும்னு நான் வற்புறுத்துறேன். அந்த அப்பாவையும் பேர் குடுக்க வெச்சேன். இருபது வருஷமா கார் ஓட்டுறவர். ஆட்டோகிராஸ்ல ஓட்டுறவங்களே மாறி மாறி கோர்ஸ்ல நின்னு விழுந்த கோனை நிமித்தி வைக்கணும். அவர் ஓட்டும்போது பொண்ணு அந்த டியூட்டியில இருந்தா. முதல் ரன் முடிச்சுட்டு இறங்கி வந்தார், முகமெல்லாம் வேர்வை. பொண்ணு ஓடி வந்து, "அப்பா, என் ஏரியாவுல மட்டுமே மூணு கோன் நிமித்தினேன்"னா. அவர் சிரிச்சுட்டே, "டயர் பழசு மா"ன்னார். அவ விடல. "இல்லப்பா, நீங்க கோனையே பார்த்து ஓட்டுறீங்க. அடுத்த கோனைப் பாருங்க, கை தானா போகும்."

அது காலையில நான் அவளுக்குச் சொன்னது. கண்ணு எங்க போகுதோ கார் அங்க போகும். மத்தியான ரன்ல அவர் ஒரே ஒரு கோன்தான் தட்டினார்.

பின்னாடி ஒரு நாள் அவர் சொன்னார், வீட்டுல பேச்சே மாறிடுச்சாம். முன்னாடி அவர் சொல்லணும், அவ கேட்கணும், முகத்தைத் தூக்கி வெச்சுக்கணும். இப்போ 635-ல அவர் ஓட்டும்போது முன்னாடி கார் கிட்டப் போயிட்டா பின் சீட்ல இருந்து "அப்பா, கேப்"னு ஒரு குரல் வருதாம். அவரும் தள்ளிக்கிறாராம். அவ ஓட்டும்போது அவர் "கேப்"னு சொன்னா அவளும் தள்ளிக்கிறா. ரெண்டு பேரும் ஒரே மைதானத்துல கோன் தட்டினவங்க, அதனால அந்தச் சொல்லுல அதிகாரம் இல்ல.

சரி, போகணும்னு தோணினா என்ன பண்ணணும்? லேர்னர் லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களைச் சேர்த்துக்கிற விதி கிளப்புக்குக் கிளப் மாறும், அதனால முதல்ல மெயில் போட்டுக் கேளுங்க. 18 வயசுக்குக் கீழன்னா பெற்றோர் கையெழுத்து கண்டிப்பா வேணும், பல இடத்துல அப்பா அம்மா ரெண்டு பேருமே போடணும். ஒடிசி, சியன்னா மாதிரி உயரமான மினிவேனை எடுத்துட்டுப் போகாதீங்க, கவுந்துடும்னு பெரும்பாலும் விட மாட்டாங்க. சிவிக், கொரோலா, கேம்ரி போதும். பிள்ளை தினமும் ஓட்டப் போற கார்னா இன்னும் நல்லது. வீல் நட் டைட்டா இருக்கா, பேட்டரி ஆடாம இருக்கா, டயர்ல காத்து சரியா இருக்கான்னு செக் பண்ணுவாங்க. ஃப்ளோர் மேட், தண்ணி பாட்டில், டிக்கியில கிடக்கிற அரிசி மூட்டை எல்லாத்தையும் இறக்கிடுங்க. ஹெல்மெட் பல கிளப்ல இரவலா குடுப்பாங்க. இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு தடவை படிச்சுடுங்க, டைம் வெச்சு ஓட்டுற நிகழ்ச்சியைப் பல பாலிசி ஏத்துக்காது. டெக்சாஸ் வெயிலுக்குத் தொப்பியும் நிறைய தண்ணியும் மறக்காதீங்க.

டைமரே வேண்டாம்னு நினைக்கிற பெற்றோருக்கு ஸ்ட்ரீட் சர்வைவல்னு ஒரு நாள் பயிற்சி இருக்கு. டீன்ஏஜ் டிரைவர்களுக்காகவே நடத்துறது, பிள்ளை தன்னோட சொந்த கார்லயே ஓட்டும், பக்கத்துல பயிற்சியாளர் இருப்பார். ஈரமான தரையில வழுக்கறது, திடீர்னு லேன் மாறறது, முழு பிரேக் எல்லாம் உண்டு. போட்டி கிடையாது.

சென்னையில இருந்து கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல கார் ஓட்ட லேர்னர் லைசென்ஸே 18 வயசுலதான். அதுக்கு முன்னாடி தம்பி கையில சாவி குடுத்து ஏதாவது நடந்துட்டா, 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை ஜெயிலும் உண்டு. இதைக் கேட்டுட்டு ராத்திரி ஈ.சி.ஆர்.ல கோன் வைக்கக் கிளம்பிடாதீங்க. எல் போர்டு போட்டாச்சுன்னா, கத்துக் கொடுக்கிறவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க: "அண்ணா, காலியான பாதுகாப்பான இடத்துல ஒரு தடவை முழு பிரேக் பிடிச்சுப் பார்க்கணும்." எட்டு போடறது டெஸ்டுக்கு உதவும், இது வாழ்நாள் முழுக்க உதவும்.

இந்த எபிசோடை உங்க வீட்டுல ஓட்டக் கத்துக்கிற தம்பி தங்கச்சிக்கு அனுப்புங்க. அதுக்கு முன்னாடி அப்பா அம்மாவுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம், பத்திரமா ஓட்டுங்க.