அரிக்கமேட்டு ஆசான்

1944ஆம் ஆண்டிலே, சென்னை நூதனசாலையின் அலுமாரி ஒன்றைத் திறந்து பார்த்த மோட்டிமர் வீலரின் கையில் உடைந்த மட்சாடித் துண்டொன்று அகப்பட்டது. அது தமிழ்நாட்டுக் குயவர் வனைந்ததன்று. மத்தியதரைக் கடல் நாடுகளிலே திராட்சை மது நிரப்பிக் கப்பலேற்றிய சாடியின் எச்சம். எங்கே கிடைத்தது என்று வினவியபோது, புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேடு என்று விடை வந்தது.

அத்துண்டைக் கண்ட மாத்திரத்தே இனங்காண அவருக்கு முப்பதாண்டுப் பயிற்சி இருந்தது. 1890இல் கிளாஸ்கோ நகரிற் பிறந்து இலண்டனிற் கற்ற வீலர், 1913இல் இறைன் ஆற்றங்கரை உரோம மட்கலங்களை ஆராயப் புகுந்தவர். பின்னர் வேல்ஸ் நாட்டு உரோமப் படையரண்களையும், இலண்டனுக்கு வடக்கேயுள்ள வெருலாமியம் என்னும் உரோம நகரையும் மனைவி தெசாவுடன் அகழ்ந்தார். அகழுமிடமெல்லாம் மாணவரைக் கூட்டிச் செல்வது அவ்விருவர் வழக்கம். அம்மாணவரைப் பயிற்றியதிற் பெரும்பங்கு தெசாவினுடையது; வீலரின் புகழ் பேசுவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர். இருவரும் விரும்பி முயன்ற தொல்பொருளியற் கழகம் 1937இல் இலண்டனிலே திறக்கப்பட்டபோது தெசா உயிரோடில்லை. முந்திய ஆண்டே மறைந்துவிட்டார்.

இந்தியத் தொல்பொருளாய்வுத் துறையின் தலைவராய் வந்த 1944ஆம் ஆண்டிலேயே வீலர் தக்கசீலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தினார். பின்னாளிற் புகழ்பெற்ற பி. பி. லால் அங்கே பயின்றவர். சதுரக் குழிகளாகத் தோண்டுக. குழிகளுக்கிடையே வரம்பு விடுக. வரம்பின் சுவரிலே தோன்றும் மண்படை ஒவ்வொன்றுக்கும் இலக்கமிடுக. எப்பொருள் எப்படையிற் கிடைத்தது என்று எழுதுக. இவ்வளவே பாடம். பீரங்கிப் படையிற் பணியாற்றிய ஆசான், களத்திலும் தளபதியாகவே நடந்துகொண்டார்.

அப்பாடத்தின் பயனை அரிக்கமேடு காட்டிற்று. 1945இல், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த அவ்விடத்தை வீலர் அகழ்ந்தார். தென்னாட்டு மண்ணிற் கிடைக்கும் ஓடுகளுக்கு அக்காலத்தில் உறுதியான ஆண்டுக் கணக்கு இல்லை. ஆனால் இத்தாலியின் அரெத்சோ நகரத்துச் செந்நிறக் கலங்கள், குயவர் முத்திரையோடு, அரிக்கமேட்டுப் படைகளிலே கிடந்தன. அவ்வகைக் கலங்களின் ஏற்றுமதி கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஓய்ந்தது என்பது ஐரோப்பாவிலே தெளிந்த செய்தி. ஆகவே அக்கலத்தோடு ஒரே படையிற் கிடந்த உள்ளூர்ச் சட்டிக்கும் வயது கிடைத்தது. அச்சட்டி வேறோர் ஊரிலே தோன்றினால் அவ்வூருக்கும் வயது சொல்லலாம். 1947இல் மைசூர்ப் பகுதியின் பிரமகிரியை வீலர் அவ்வாறே அளந்தார்.

கிருலப்பனையில் இருந்து கேட்பவர்க்கும் இது தொலைவிலுள்ள செய்தியன்று. வெள்ளவத்தையைத் தாண்டினால் எதிர்ப்படும் கடல், அக்கப்பல்கள் அறிந்த கடலே. குளோடியசு மன்னன் காலத்தில் இலங்கையிலிருந்து உரோமுக்குத் தூதர் சென்றதைப் பிளினி எழுதிவைத்துள்ளார். ஆனால் இத்தீவிற் பெருந்தொகையாகக் கிடைத்த உரோம நாணயங்களோ நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் செப்புக் காசுகள். முற்பட்ட காலத்தைக் காசு சொல்லாதபோது ஓட்டைத்தான் கேட்க வேண்டும். உட்புறத்திலே பல்வரிசை போலச் சிறு குழிக்கோலம் உருட்டிய கலங்கள் அரிக்கமேட்டிற் கிடைத்தன. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் கிடைத்துள்ளன.

இக்கலத்தின் வேலைப்பாடு மேல்நாட்டிலிருந்து வந்தது என்றே வீலர் கருதினார். அரிக்கமேட்டையும் யவனர் வரவாற் பிறந்த வாணிகத் தலமாகவே கண்டார். உரோமத்திலே தோய்ந்த கண், தமிழ்க் கரையிலும் உரோமத்தையே முதலிற் கண்டதுபோலும்.

திருத்தம் பின்னர் வந்தது. 1960களில் வட இலங்கையிலே கள ஆய்வு செய்த விமலா பெக்லி, 1983இல் அரிக்கமேட்டை மீளாராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 1989 முதல் 1992 வரை அங்கே அகழ்வும் நடத்தினார். யவனக் கப்பல் வருமுன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதும், அது நலிந்த பின்னரும் நெடுங்காலம் ஊர் இருந்தது என்பதும் புலனாயின. குழிக்கோலக் கலமும் இந்திய நாட்டுக் கைவினையே எனத் துணியப்பட்டது.

வீலர் 1976இல் மறைந்தார். 1983ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அடிப்படையாய் நின்ற சான்றுகளுள் முதன்மையானது, அவர் அகழ்வு முடிந்த மறு ஆண்டே, 1946இல், படைக்குப் படை இலக்கமிட்டு அச்சேற்றிய அறிக்கையாகும்.